அதெப்படியும் கள்ளச்சாமி புத்தகமும்

கொல்லிமலையில் இதுவரை ஏறி இறங்கியவர்களில் அதெப்படியைப் போலச் சந்தேகப்பட்ட மனிதர் இன்னொருவர் கிடையாது. இந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டினால் இத்தோடு நிறுத்தி, "அதெப்படிங்க சார்? ஏறி எறங்குன அத்தன பேரையும் போயிப் பாத்தீங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் அவருக்குப் பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் டிரைவிங் லைசென்ஸில் இருக்கிறது. அதிலுள்ள போட்டோ தன்னுடையதுதானா என்பதில் அவருக்கு முழு நம்பிக்கை கிடையாது.

மலையடிவாரத்துக் காரவள்ளிக்கும் மலைமேல் வளப்பூர் நாட்டுக்கும் இடையே அவர் ஜீப் ஓட்டினார். இறங்கும்போது பலாப்பழமும் மரவள்ளிக் கிழங்கும் மிளகு மூட்டையும், ஏறும்போது அரிசி, சிமெண்ட், பஸ்ஸைத் தவறவிட்ட ஆட்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு எண்ணுவார். வளைவுக்கு வளைவு நம்பர் போர்டு இருக்கிறதே என்றால், "போர்டு வெச்சவன் எண்ணித்தான் வெச்சான்னு என்னத்தக் கண்டீங்க?" என்பார். ஒருமுறை சுற்றுலா வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி எழுபத்தொன்று என்று சொல்லிவிட்டாள். அவளை மேலே இறக்கிவிட்டு, ஆளில்லாத வண்டியோடு காரவள்ளிவரை இறங்கி, திரும்ப ஏறி, அவள் தங்கியிருந்த விடுதியைத் தேடிப்போய், "எழுவதுதாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பிறகு பழம் கொண்டு வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். காய்ச்சல் என்று நர்ஸ் தெர்மாமீட்டர் வைத்தால், சரிபார்க்க இன்னொரு தெர்மாமீட்டர் கேட்பார். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால், "ரெண்டையும் ஒரே கம்பெனியில வாங்கியிருப்பாங்க" என்பார்.

நான் அப்போது மலைமேல் ஒரு சின்ன நூலகத்தில் நூலகராக இருந்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், எதற்காகச் சொன்னான் என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

முதல் நாள் அவருடைய ஜீப்பில்தான் ஏறினேன்.

"சார் என்ன வேலையா வந்திருக்கீங்க?"

"லைப்ரரியனுங்க."

"அதெப்படிங்க? இங்க படிக்கறவனே பத்து பேர் இல்லையே. பத்து பேருக்கு ஒரு ஆபீசரா?"

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. நான் ஏதோ ஓர் இலாகாவின் உளவாளி என்று பொழுது சாய்வதற்குள் சுற்றுவட்டாரம் முழுக்கச் செய்தி போய்விட்டது. வனத்துறையா, மதுவிலக்கா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. ஒரு வாரம் நூலகத்தின் பக்கம் ஈ காக்கா வரவில்லை. எட்டாம் நாள் அவரே வந்தார். அலமாரிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"நெசமாலுமே லைப்ரரியன்னா, நல்ல கதை பொஸ்தகமா ஒண்ணு எடுத்துக் குடுங்க பாப்போம்."

என் உத்தியோகமே அந்தப் புத்தகத்தில் தொங்கியது. ஆகவே எனக்கு மிகப் பிடித்ததையே கொடுத்தேன். குண்டான மாயக்கதை நாவல். அட்டையும் தலைப்புப் பக்கமும் என்றோ கிழிந்து போக, காக்கித் துணி ஒட்டி பைண்ட் செய்து, முதுகில் வெறும் எண் மட்டும் எழுதியிருந்தது. கும்பிட ஆளில்லாமல் போன ஏழு கள்ளச்சாமிகளின் கதை அது. பசி எடுத்தால் அவர்கள் யார் வீட்டு வாசலிலாவது கதை சொல்லித்தான் சோறு வாங்க வேண்டும். அவர்களில் பெரிய எத்தன் வக்கணையன். அவன் சொல்லும் பொய்யெல்லாம் மறுநாள் உண்மையாகிவிடும். கடைசியில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்கிறான். ஒருவரும் நம்புவதில்லை.

காரவள்ளியில் சுமைக்காகக் காத்திருக்கும் நேரங்களில், ஸ்டியரிங் மேல் புத்தகத்தைச் சாய்த்துவைத்து மூன்று மாதம் படித்தார். ஆள் நிரம்பிய பிறகும் வண்டி நகராது. "செத்த இருங்க, வக்கணையன் ஆத்து நடுவுல மாட்டிட்டு நிக்கறான்" என்பார். அவன் கரையேறும்வரை வளப்பூர் நாட்டு ஜனங்கள் முட்டைக்கோசோடும் கோழியோடும் உட்கார்ந்திருப்பார்கள்.

திருப்பிக் கொடுத்த அன்று, "நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"அதெப்படிங்க அதுக்குள்ள சொல்றது? மொதத் தடவ அவன் சொன்னதையெல்லாம் நம்பிப் படிச்சுப்போட்டேன். இனி நம்பாம ஒருக்கா படிக்கோணும்."

அன்று முதல் பலாப்பழக் காலம் முடிந்ததும் வருஷா வருஷம் அதே புத்தகத்தை வாங்கிப்போனார். இரண்டாம் முறை வக்கணையனின் பொய்களைப் பிடித்தார். மூன்றாம் முறை மற்ற ஆறு சாமிகளின் மேல் கண் வைத்தார். நான்காம் முறை படித்துவிட்டு என் மேஜைமேல் குனிந்து, "சாமிக ஏழில்லீங்க, எட்டு. எழுதுனவன் ஒருத்தன் உள்ள ஒளிஞ்சிருக்கான்" என்று ரகசியம் சொன்னார். நான் நூலக இயல் படித்துப் பட்டம் வாங்கியவன். எனக்கு அப்படித் தோன்றவேயில்லை.

இதற்குள் வக்கணையன் எங்கள் ஊர் ஆளாகவே ஆகிவிட்டிருந்தான். பஸ் வராவிட்டால் வக்கணையன் வேலை, டவர் கிடைக்காவிட்டால் வக்கணையன் வேலை. புத்தகத்தை ஒரு பக்கம்கூடப் படிக்காத டீக்கடைக்காரர் பால் திரிந்ததற்கும் அவனையே கைகாட்டினார்.

ஐந்தாம் வருஷம் அவர் புத்தகம் கேட்டு வந்தபோது நூலகத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். புத்தகமெல்லாம் நடுவே ஒரே குவியல். காக்கி முதுகையும் எண்ணையும் பார்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பத்து நாளில் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"பொஸ்தகத்த மாத்திப்போட்டீங்க."

"அதேதாங்க. எண்ணைப் பாருங்க."

"எண்ணு அதேதான். கதை மாறியிருக்குது. போன வருசம் வரைக்கும் வக்கணையன் படகுக்காரிக்குக் கைத்தடியக் குடுத்தான். இப்பச் செருப்பக் குடுக்கறான். இப்படி ஒம்பது எடம். எழுதி வெச்சிருக்கேன்."

தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்பதையும் எழுதியிருந்தார். நான் அதை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டேன். "அச்சடிச்ச புத்தகம் மாறுமாங்க? நீங்க மறந்திருப்பீங்க" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அதை நான் கவனித்தேன், கவனித்தும் கண்டுகொள்ளவில்லை. அன்று மாலை டீக்கடையில் அந்த ஒன்பது மாற்றங்களையும் அபிநயத்தோடு நடித்துக் காட்டினேன். நல்ல சிரிப்பு. டீக்குக் காசு வேண்டாம் என்றுகூடச் சொன்னார்கள்.

அதெப்படி விடவில்லை. முதலில் என்னைச் சந்தேகப்பட்டார். பிறகு ஜீப்பில் ஏறிய ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டார். கடைசியில் வக்கணையனே இறங்கிவந்து மாற்றுகிறான் என்று முடிவு செய்து, புத்தகத்தைச் சாக்கில் போட்டு, தன் கையால் முடிச்சுப் போட்டு, அம்மன் கோவிலில் பூ கேட்கக் கொண்டுபோனார். எங்கள் பக்கம் கல்யாணம், கிணறு, பங்காளிச் சண்டை என்று எதுவானாலும் அம்மனிடம் பூ கேட்பார்கள். சிலையின் இரண்டு தோளிலும் ஈரப்பூவை ஒட்டிவைத்துக் காத்திருப்பார்கள். எந்தப் பக்கத்துப் பூ முதலில் விழுகிறதோ அதுதான் அம்மன் வாக்கு. ஒரு நாவலுக்காகப் பூ கேட்டது அந்தக் கோவிலில் அதுவே முதல் தடவை.

"வலப்பக்கம் உழுந்தா பொஸ்தகம் மாறுனது. எடப்பக்கம் உழுந்தா நான் மறந்தது" என்று அவர் அம்மனிடம் தெளிவாகச் சொன்னார். மத்தியானம்வரை ஒரு பூவும் அசையவில்லை. பூசாரிக்குப் பசி. திடீரென்று இரண்டு பூவும் ஒன்றாக விழுந்தன.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதெப்படி சிரிக்கவில்லை. "சாமிக்குச் சாமி உட்டுக் குடுக்குமா?" என்று முணுமுணுத்துவிட்டுச் சாக்கை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

மறுநாள் அவர் மனைவி பாப்பாத்தியக்கா நூலகத்துக்கு வந்தார். அந்தப் படியை அவர் மிதித்தது அன்றைக்குத்தான்.

"டீக்கடையில நீங்க சொன்னது நாமக்கல் வரைக்கும் போயிருச்சுங்க சார். பையன் காலையில வந்து வண்டிச் சாவிய வாங்கிட்டான்."

மகன் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறான். எதற்குச் சாவியை வாங்கினான் என்று எனக்குப் புரியவில்லை.

"இவிய அய்யனுக்கும், எங்க மாமனாருக்கு, இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது. மொதல்ல சின்னச் சின்ன மறதி. கடைசியில சொந்த ஊட்டுக்கு வழி தெரியாம எடப்புளி நாட்டுல யாரோ ஊட்டு வாசல்ல போயி உக்காந்திருந்தாரு. தனக்கும் அப்படி வந்துருமோன்னு இவியளுக்குப் பயம். அதுக்குத்தான் அதே பொஸ்தகத்த வருசா வருசம் படிக்கறது. எல்லாம் நெனப்பு இருக்குதான்னு பாத்துக்குவாரு. இருந்துச்சுன்னா அன்னைக்கு ஊட்டுல பாயாசம் வெக்கச் சொல்லுவாரு."

நான்கு வருஷமாக அவர் வக்கணையனை வேவு பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வேவு பார்த்தது தன்னைத்தான். மனிதர் தன் மூளையின் மேலேயே சந்தேகப்பட்டு அதற்கு வருஷம் ஒரு பரீட்சை வைத்திருக்கிறார். அந்தப் பரீட்சையின் விடைத்தாளைத்தான் நான் டீக்கடையில் நடித்துக் காட்டினேன். எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம வண்டி பாக்க ஆள் வருது. வித்துப்போட்டா இவிய ஊட்டுல உக்காந்து என்ன பண்ணுவாருங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா போனார்.

அந்த வாரம் நூலகத்தில் வருஷாந்திர இருப்புச் சரிபார்ப்பு. பதிவேட்டில் உள்ள எண்ணைப் படிப்பேன், அலமாரியில் தேடுவேன், டிக் அடிப்பேன். கள்ளச்சாமி புத்தகத்தின் எண் வந்தது. எதிரே 'வெளியில்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. சாக்கோடு கோவிலில் இருக்கிறது. அடுத்த எண்ணுக்குப் போகத் தலையைத் தூக்கினால், கதை அலமாரியில், காக்கி முதுகோடு, அதே எண்ணோடு, அந்தப் புத்தகம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அதெப்படி!" என்று கத்தினேன். சத்தியமாக நான்தான் கத்தினேன். ஒரு நிமிஷம் வக்கணையன் ஜன்னல் வழியாக வந்து வைத்துவிட்டுப் போயிருப்பான் என்றே நம்பினேன். கோவிலுக்கு ஓடினேன். முடிச்சுப் போட்டபடி சாக்கு இருந்தது. உள்ளே புத்தகம் இருந்தது. இரண்டையும் கோவில் படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தேன்.

இரண்டு பிரதிகள். எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் இரண்டும் ஒன்றாக பைண்டிங்குக்குப் போயிருக்க வேண்டும். பைண்டர் இரண்டுக்கும் ஒரே காக்கியை ஒட்டி ஒரே எண்ணை எழுதி அனுப்பிவிட்டார். ஒன்றைக் கதை அலமாரியிலும், முதல் வரியிலேயே 'சாமி' என்று வருவதால் இன்னொன்றைப் பக்தி அலமாரியிலும் வைத்திருக்கிறார்கள். நானும் வருஷா வருஷம் எண் கண்ணில் பட்டதும் டிக் அடித்துவிட்டுப் போயிருக்கிறேன். வெள்ளையடித்த அன்று குவியலிலிருந்து எடுத்தது பக்திப் புத்தகம். அச்சு வேறு, தாள் வேறு. எழுதியவர் பிற்பாடு உட்கார்ந்து அங்கங்கே திருத்தி மறுபடி அச்சிட்டிருக்கிறார். ஒன்றில் கைத்தடி. மற்றதில் செருப்பு.

நூலகத்துக்குத் திரும்பி, இழுப்பறையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒன்பதும் சரி. அதே நாவலை நானும் மூன்று முறை படித்திருக்கிறேன். அந்த ஒன்பதில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு புத்தகத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். வண்டி பார்க்க வந்தவர் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார். மகன் பக்கத்தில் நின்றான். அதெப்படி வாசலில் கல்மேல் உட்கார்ந்திருந்தார். தன் ஜீப்பை ஒருவர் நோண்டுகிறார், இவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். மகன் நம்பவில்லை. "அப்பாவுக்காகப் பரிஞ்சு பேசறீங்க சார். எழுவது வளைவுங்க. பத்து பேர் உசுரு."

அவன் சொன்னதில் தப்பில்லை. "நீயே சோதிச்சுப் பாரப்பா" என்று இரண்டு புத்தகத்தையும் அவனிடம் கொடுத்தேன். அவன் திரும்பி நின்றுகொண்டு, ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு வரி படித்தான்.

"பழசு" என்றார் அதெப்படி, தரையைப் பார்த்தபடியே.

இன்னொன்று படித்தான். "இந்த வருசத்துது."

ஐந்து தடவை படித்தான். ஐந்தும் சரி. வண்டி பார்க்க வந்தவர் பானெட்டை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றார். ஆறாவது தடவை மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வக்கணையன் படகுக்காரியிடம் தன் குடையைக் கொடுத்தான்" என்று படித்தான்.

அதெப்படி நிமிர்ந்தார். கண்ணில் பழைய சந்தேகம் வந்திருந்தது.

"குடையா? அது ரெண்டுலயுமே இல்லையே. கண்ணு, நீயாச் சேத்துப் படிக்கற."

மகன் புத்தகத்தை மூடினான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அப்பாவின் கையில் வைத்தான். பாப்பாத்தியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயாசம் வைக்க உள்ளே போனார். அதெப்படி சாவியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒரிஜினல்தானா? டூப்ளிகேட் ஏதும் போட்டு வெச்சிருக்கியா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சார், ரெண்டு பொஸ்தகம், ஒரே நம்பரு, ஒரே துணி. யாருமே பாக்கலை. அதெப்படிங்க? வக்கணையன் உங்களையும் ஏமாத்திப்போட்டான்." இரண்டு பிரதியையும் கண்ணால் பார்த்த பிறகும் கடைசிவரை அவர் என் விளக்கத்தை ஏற்கவில்லை.

அடுத்த நாளே டீக்கடைக்குப் போய், அவர் சொன்ன ஒன்பதும் சரி, நான்தான் முட்டாள் என்று அறிவித்தேன். அதற்கும் நன்றாகச் சிரித்தார்கள். இந்த முறை டீக்குக் காசு வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு எனக்கு மலைக்குக் கீழே மாற்றலாகிவிட்டது. மூட்டை முடிச்சோடு அவர் ஜீப்பில்தான் இறங்கினேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் போன் வந்தது.

"சார், நாப்பத்திரண்டாவது வளைவுல ஏறிட்டிருந்தேன். நம்பரு வாயில வரலீங்க. போர்டுல போட்டிருந்துச்சு, எனக்கு வரலை. வண்டிய மெதுவா ஏத்தி ஊட்டுல நிறுத்திப்போட்டு, பையனக் கூப்புட்டுச் சாவியக் குடுத்துட்டேன்."

"ஒரு தடவை மறக்கறது எல்லாருக்கும் நடக்கறதுதாங்க" என்றேன்.

"அதெப்படிங்க? என்ற மேல எனக்கே சந்தேகம் வந்த பொறகு ஆளுகள எப்படி ஏத்தறது?"

அந்த ஞாயிறே பஸ் பிடித்து மேலே போனேன். அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிறு போகிறேன். இப்போது அவருக்கு எழுத்து மங்கலாகத் தெரிகிறது. புதுக் கண்ணாடியை அவர் நம்பவில்லை. அதனால் கைத்தடி வருகிற பழைய பிரதியை நான் படிக்கிறேன், அவர் கண்ணை மூடிக் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் எங்காவது ஒரு வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் படிப்பேன். "சார், ஒரு வரி தாண்டிட்டீங்க" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வார். அதைக் கேட்டுவிட்டால் எனக்கு அந்த மாதம் நிம்மதி.

போன மாதம் படகுக்காரி வருகிற அத்தியாயம். அவர் மனப்பாடமாகச் சொல்லும் பகுதி. கைத்தடியைக் கொடுக்கிற வரியையே விட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரி படித்தேன், அடுத்த பக்கம் படித்தேன். மூடிய கண் மூடியபடியே இருந்தது. அக்கா கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டேன். புத்தகத்தை மூடி, போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அவரும் கூடவே வந்தார்.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி நகர்கிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். முதல் நாள், லைப்ரரியன் என்று நான் சொன்னபோது பார்த்த அதே பார்வை.

"ஏனுங்க சார், அந்தக் கைத்தடி வரிய வேணும்னுதான உட்டீங்க? நான் மறந்துட்டனான்னு பாக்கறீங்க. எத்தன மாசமா இது நடக்குது?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். காரவள்ளி வரும்வரை எழுபது வளைவையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினேன்.